பதினொன்று முதல் மூன்று வரை

1

வருகிற ஆவணியோடு நான் திருவனந்தபுரத்துக்கு வந்து நாற்பத்தொரு வருஷம் நிறைகிறது. நம் ஊரில் இருந்தது இருபத்தேழு வருஷந்தான். ஆயுளின் பெரும்பகுதி கரமனை ஆற்றங்கரைத் தெருவில் கழிந்திருந்தும், எந்த ஊர் என்று யாராவது கேட்டால் நாக்கு இன்னும் தாமிரபரணிக் கரையைத்தான் சொல்கிறது. இங்கே என்னைப் 'பாண்டிக்காரர்' என்கிறார்கள். அங்கே வந்தால் நீங்கள் 'மலையாளத்து மாமா' என்கிறீர்கள். இரண்டையும் பெருமாள் சாத்திய பட்டங்களாக ஏற்றுக்கொண்டு சுகமாகவே இருக்கிறேன்.

சென்ற தை மாதத்தில் நம் பாசுர கோஷ்டியார் பதினொரு பேர் வேனில் வந்து, இங்கே பெருமாளைச் சேவித்து, ஒரே நாளில் ஊரையும் பார்த்துத் திரும்பியதை நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதும்படி சபைச் செயலாளர் கேட்டார். வந்தவர்களுக்கும் அந்த நாளின் பாதிதான் தெரியும். மற்றப் பாதி எனக்கும் என் அக்கா பெருந்தேவிக்கும் இடையில் நடந்தது. ஆகவே, எழுதுமுன் அவளிடம் தொலைபேசியில் உத்தரவு கேட்டேன்.

"தாராளமா எழுதிக்கோ," என்றாள். "ஆனா என்னை அழுமூஞ்சியாக் காட்டாதே. தப்பு பண்ணினது நீ. அதை மொத வரியிலேயே போட்டுடு."

முதல் வரியில் போடவில்லை. முதல் பகுதியிலாவது போட்டுவிடுகிறேன்: தப்பு செய்தவன் நான்.

2

செயலாளரின் கடிதம் சுருக்கமாக இருந்தது. ஒரே நாள். காலையில் பெருமாள் சேவை. பிறகு ஊர் பார்ப்பது. இரவே திரும்பிவிட வேண்டும், மறுநாள் விடியலில் கோஷ்டி இருக்கிறது. திட்டத்தை நீங்களே வகுத்து அனுப்புங்கள் என்று எழுதி, கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, 'உங்கள் அக்காவும் வருகிறார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் நான் வகுத்த திட்டத்தில் பத்து இடங்கள் இருந்தன. பெருமாள் கோயில், கோட்டைப் பிள்ளையார், குதிரைமாளிகை, ஆற்றுகால் பகவதி, மியூசியம், மிருகசாலை, சங்குமுகம் கடற்கரை, கோவளம். அதற்கு மேல் பொன்முடி மலையும், போகிற வழியில் கல்லாற்றில் கால் நனைப்பதும். நாற்பது வருஷமாக விருந்தாளிகளுக்குக் காட்டிய இடம் எதையும் விட மனம் வரவில்லை.

என் மனைவி கோமளம் படித்துப் பார்த்துவிட்டு, "இத்தனையும் ஒரு நாள்லயா? பெருமாள் ஏன் படுத்துண்டே இருக்கார்னு இப்பத்தான் புரியறது. ஒங்க பிளானைப் பாத்திருப்பார்," என்றாள்.

எங்கள் ஒரே மகள் வேதா கழக்கூட்டத்தில் மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். பாசுரங்களைக்கூட மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் சேவிப்பாள். முன்பு அது எனக்குக் குறையாக இருந்தது. அந்த எழுத்திலும் ழகரம் இருக்கிறது, அவள் அதைப் பிசகாமல் சொல்கிறாள் என்று தெரிந்தபின் குறை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, கரமனைலேந்து மியூசியம் போக பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கேள். அது நீங்க ஜோலியில் சேந்த காலம். இப்ப தம்பானூர் டிராபிக் பிளாக்கு தாண்டவே அரை மணிக்கூறு வேணும், கேட்டோ?"

"ஜோலி இல்லே, வேலை," என்றேன். இந்தத் திருத்தம் எங்கள் வீட்டில் தினசரி நடப்பது. முப்பத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தின் தமிழ்ப் பிரிவில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தவன் நான். இங்குள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல்கள் என் சிவப்பு மையைத் தாண்டாமல் அச்சேறியதில்லை.

"சரி, வேலை. பொன்முடி நடக்கவே நடக்காது. வெட்டுங்கோ."

வெட்டினேன். கல்லாறு போயிற்று. கோவளம் போயிற்று. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரும்போது, இந்தத் தலத்துப் பெருமாள் தம்மைக் காட்டும் முறை நினைவுக்கு வந்தது. ஒரே வாசலில் நின்று அவரை முழுதும் சேவித்துவிட முடியாது. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் உந்திக் கமலம், மூன்றாவதில் திருவடி. ஒவ்வொன்றாக நகர்ந்துதான் காண வேண்டும்; ஒன்றைக் காணும்போது மற்ற இரண்டையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒரே வேளையில் எல்லாம் அகப்படாதது இங்கே குறையாகக் கருதப்படவில்லை. ஒருநாள் பயணத்துக்கும் இது பொருந்தும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கோயிலில் நடை திறந்திருக்கும் வேளைகள் துண்டு துண்டானவை. விடியலில் சிறிது, காலையில் சில துண்டுகள், நண்பகலோடு அடைத்தால் மாலையில்தான். ஆகவே எட்டரைக்கு வந்து பத்துக்குள் சேவித்துவிட வேண்டும் என்று எழுதினேன். ஆண்கள் மேல்சட்டையின்றி வேஷ்டி, பெண்கள் புடவை, கைப்பையும் கைபேசியும் வெளியிலேயே வைக்க வேண்டும் என்பதையும் குறித்தேன்.

மொழி விஷயத்திலும் நான் எச்சரிக்கையாகவே இருந்தேன். நெடுநாள் இங்கிருந்தவன் பேனாவில் மலையாளம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'திங்கட்கிழமை மியூசியம் அவதி' என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். இங்கே அவதி என்றால் விடுமுறை. உங்களுக்கோ துன்பம். மியூசியத்துக்கு என்ன துன்பம் வந்ததென்று நீங்கள் கவலைப்படுவீர்களே என்று சிரித்தபடி அடித்து 'விடுமுறை' ஆக்கினேன். 'வெள்ளம் கையில் வேண்டும்' என்றதைக் 'குடிநீர்' ஆக்கினேன். பிறகு சுத்தப் பிரதி எடுத்தேன். இனி இதில் பிழையில்லை என்ற பழைய உத்தியோகத் திமிர் அப்போது எனக்கு இருந்தது.

3

இனி, அந்த ஒரு வரியை நான் ஏன் பலமுறை படித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் மகன் வரதனுக்கும் என் மகள் வேதாவுக்கும் முறை உண்டு. வேதா தொட்டிலில் கிடந்தபோதே அக்கா, "இவ எங்காத்து மாட்டுப்பொண்," என்று சொல்லிவிட்டாள். எல்லா வீட்டிலும் சொல்லும் பேச்சுத்தான். அவள் அதைப் பேச்சாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வேதா தன் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஹரியை மணந்துகொண்டாள். மலையாளிப் பிள்ளை. நல்லவர், அதிர்ந்து பேசாதவர். பதினொரு வருஷம் ஆயிற்று. கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. வரதன் கையில் வேதாவுக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தனுப்பினாள். அதன்பின் அவள் எங்கள் வாசல்படி ஏறியதில்லை.

பேச்சு நிற்கவில்லை. ஏகாதசிதோறும் தொலைபேசியில் பேசுவோம். முழங்கால் வலி, உற்சவம், மழை எல்லாம் பேசுவோம். அவள் ஹரியைப் பற்றிக் கேட்கமாட்டாள், நான் சொல்லமாட்டேன். வேடிக்கை என்னவென்றால், வருத்தப்பட வேண்டிய இருவரும் ஒருநாளும் வருத்தப்படவில்லை. வரதன் தனக்குப் பிடித்த பெண்ணை மணந்து இரண்டு குழந்தைகளோடு நன்றாக இருக்கிறான். அவனும் வேதாவும் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு இருக்கிறார்கள். முறைப்பு முழுவதும் கிழங்களாகிய எங்கள் இருவருக்குள்தான்.

ஆகவே அந்தத் திட்டத்தில் பத்து இடங்களும் எனக்கு ஒரு பொருட்டல்ல. காலைச் சேவைக்கும் பிற்பகல் மியூசியத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். அதில் பதினொரு பேரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு இளைப்பாற வேண்டும். கோஷ்டியோடு கோஷ்டியாக அக்காவும் படியேறிவிடுவாள். தனியே வா என்றால் மறுக்கலாம்; கூட்டத்தோடு வரும்போது மறுக்க இடமிராது. இந்தத் தந்திரத்தை நான் கோமளத்திடமும் சொல்லவில்லை. அவள் கேட்காமலே அறிந்திருந்தாள்.

இன்னொன்றும் செய்தேன், எழுதக் கூசுகிறது. வேதாவைத் தனியே அழைத்து, "அன்னிக்கு ஹரிக்கு ஆபீஸ் இருக்குமே, அவர் சிரமப்பட வேண்டாம்," என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி அப்பா," என்றாள். அந்தச் 'சரி' இரண்டு நாள் என்னோடேயே இருந்தது.

சுத்தப் பிரதியில் அந்த இடைவெளியை இப்படி எழுதினேன்:

'பதினொன்று முதல் மூன்று வரை: தாமசம் நம் வீட்டில். அதனால் மூன்றரைக்குத்தான் மியூசியம் போக முடியும். பிறகு அவரவர் சௌகரியம்.'

கோமளம் தன் கைபேசியில் அதைப் படமெடுத்து, செயலாளருக்கும் வரதனுக்கும் அனுப்பினாள்.

4

மறுநாள் வரதனின் குரல் வந்தது. இப்போதெல்லாம் கடிதம் எழுதுவதில்லையே, பேசியே அனுப்பிவிடுகிறார்கள்.

"மாமா, பிளான் ரொம்ப ஜோரா இருக்கு. அம்மாவே வாங்கிப் படிச்சா. ஒரே ஒரு மாத்தம் சொல்றா. பதினோரு மணிக்கு ஒங்காத்துக்கு வரது வேண்டாமாம். கோயில் வாசல்லயே ஒங்க எல்லாரையும் பாத்துட்டு, நேரா மியூசியம் போயிடலாங்கறா. சாப்பாடு எங்கயாவது வெளில பாத்துக்கறோம். செக்ரெட்டரிகிட்டயும் சொல்லிட்டா. தப்பா நெனச்சுக்காதேங்கோ மாமா."

நான் கைபேசியை மேசைமேல் வைத்தேன்.

"என்னவாம்?" என்றாள் கோமளம், அடுக்களையிலிருந்து.

"அக்கா வரலையாம்."

"ஊருக்கா?"

"ஆத்துக்கு."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்து, "எத்தனை பேர்னு சொன்னேள்? பதினொண்ணா?" என்றாள்.

"வரலேங்கறாளே, அப்புறம் எண்ணிக்கை எதுக்கு?"

"வரலேன்னு அவா சொல்லியாச்சு. சமைக்க மாட்டேன்னு நான் இன்னும் சொல்லலையே? வெளில சாப்பிட்டா அக்காவுக்கு ஒத்துக்காது. கோயில் வாசல்ல நிக்கறச்சே பசிக்கறதுன்னு ஒருத்தர் சொன்னாப் போறும், ஒரு பட்டாளமே இங்க வந்துடும். அப்ப நான் அரிசி ஊறப் போட்டுண்டு நிக்க முடியுமா?"

அன்றிலிருந்து ஒன்பது நாள். காலையில் பாசுரம் சேவிக்க உட்கார்ந்தால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும். மனம் அந்தக் குரலிடமே நிற்கும். 'வேண்டாமாம்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒரே பொருள்தான் வந்தது. பதினொரு வருஷத்தில் ஆறாதது ஒருநாள் பயணத்தில் ஆறுமா என்று என்னையே கடிந்துகொண்டேன். அவள் இந்த ஊருக்கு வருகிறாளே, பெருமாள் முன்னிலையில் பார்க்கப்போகிறோமே, அதுவே மிகுதி என்று தேற்றியும் கொண்டேன்.

5

வேன் எட்டு இருபதுக்கே கிழக்கேகோட்டைக்கு வந்துவிட்டது. நம்மவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி முறையிட்டார். கடைசியில் அக்கா இறங்கினாள். மெலிந்திருந்தாள். படியில் கால் வைக்கத் தயங்கியபோது கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

"இளைச்சுட்டேடா," என்றாள்.

"நீயும்தான்."

"எனக்கு வயசாச்சு. ஒனக்கென்ன?"

அவ்வளவுதான். வரிசையில் நின்றோம். அவளுக்கு முன்னால் பெண்கள், பின்னால் நான். பேசத் தொடங்கினால் 'ஏன் வரமாட்டேன் என்றாய்' என்று கேட்டுவிடுவேனோ என்று அஞ்சி, வாய்க்குள் பாசுரம் சொல்லிக்கொண்டேன். அவளும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூர்ந்து கேட்டபோது இருவரும் ஒரே பதிகத்தில்தான் இருந்தோம். நான் ஓர் அடி முந்தியிருந்தேன். நிறுத்தி அவள் வந்து சேர்ந்தபின் தொடர்ந்தேன். சிறுவயதில் அப்பா முன் உட்கார்ந்து சேவித்தபோதும் நான் இப்படித்தான் முந்திக்கொண்டு ஓடுவேன். அவள் தொடையில் கிள்ளுவாள். இப்போது கிள்ளவில்லை. திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறினோம். உள்ளே எண்ணெய் விளக்கொளி மட்டும். முதல் வாசலில் திருமுகம் தெரிந்ததும் அவள் உதடுகள் நின்றுவிட்டன. நடு வாசலில் காவலர் நகரச் சொன்னார். மூன்றாவது வாசலில், திருவடிக்கு நேரே, அவள் முழங்கால் வலியை மறந்து குனியப் பார்த்தாள், கூட்டம் விடவில்லை. கைகூப்பியபடியே நகர்ந்தாள். நானும் அந்தத் திருவடியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அதை எழுத வேண்டியதில்லை.

6

வெளியே வந்து, குளக்கரையோரம் நிழலில் எல்லோரும் சேர்ந்து நின்றோம். அக்காவோடு வந்திருந்த வரதன் பைகளையும் கைபேசிகளையும் மீட்டுக்கொண்டு வந்தான். மணி பத்தேகால். செயலாளர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் சில நிமிஷத்தில் வேன் மியூசியத்துக்குப் போய்விடும்.

அப்போது ஹரி வந்தார்.

வேன் ஓட்டுநர் இடம் கிடைக்காமல் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, திட்டத்தின் அடியில் நான் எழுதியிருந்த வேதாவின் எண்ணுக்குப் பேசியிருக்கிறார். அவள் வீட்டில் கோமளத்துக்கு உதவியாக இருந்தாள். ஹரியை அனுப்பிவிட்டாள். அவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வேனுக்கு இடம் பார்த்துக் கொடுத்து, அது எங்கே நிற்கிறது என்று சொல்ல எங்களைத் தேடி வந்திருக்கிறார். வந்தவர் அக்காவைப் புகைப்படத்தில் பார்த்திருந்ததால் அடையாளம் கண்டு, நேரே போய்க் கைகூப்பினார்.

"நமஸ்காரம் அத்தை. யாத்ரை எல்லாம் சுகந்தானே?"

"ம். சுகந்தான்."

"தாமசம் எங்கேயாக்கும்?"

அக்காவின் முகம் இறுகியது. "தாமசமா? ஒரு தாமசமும் ஆகலை. எட்டரைன்னு போட்டிருந்தது, எட்டு இருபதுக்கே வந்து நின்னாச்சு."

ஹரி குழம்பினார். "அல்ல அத்தை... இன்னிக்கு தாமசம்..."

"அதான் சொல்றேனே. ஒரு நிமிஷம் தாமசம் கெடையாது. வேணும்னா டிரைவரைக் கேட்டுப் பாருங்கோ."

அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் உறைத்தது.

"அக்கா, நான் எழுதினேனே, அந்தக் கடுதாசி வெச்சிருக்கியா?"

வரதன் அதை அச்செடுத்துக் கொடுத்திருந்தான். துணிப்பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். என் கையெழுத்து, சந்திப்பிழை ஒன்றில்லை. மூன்றாவது பத்தியில் விரல் வைத்தேன்.

"இதை நீ எப்படிப் படிச்சே?"

"எழுத்துக்கூட்டித்தான். 'பதினொன்று முதல் மூன்று வரை, தாமசம் நம் வீட்டில். அதனால் மூன்றரைக்குத்தான் மியூசியம் போக முடியும்.' ஒங்காத்துக்கு வந்தா நாலு மணி நேரம் தாமசமாயிடும், மியூசியம் கெட்டுப்போயிடும்னு நாகரிகமா எழுதியிருக்கே. எனக்குப் புரியாதா? வராதேன்னு நேரா எழுத ஒனக்கு என்னடா பயம்? ஒம்போது நாளா எனக்கு மனசே சரியில்லே."

"வரச்சொல்லி எழுதினேன்க்கா! இங்கே தாமசம்னா தங்கறது."

"தங்கறதா?"

"இருக்கறது. குடியிருக்கறது. எங்காத்துல வந்து இருங்கோன்னு அர்த்தம்."

அவள் நம்பவில்லை. என்னைவிட்டு ஹரியைப் பார்த்தாள். "நெஜமா?"

"சத்தியம் அத்தை," என்றார் ஹரி, இன்னும் முழுக்க விளங்காமல். "இப்ப நான் கழக்கூட்டத்துல தாமசம் தொடங்கி பன்னிரண்டு வருஷமாச்சு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பன்னெண்டு வருஷமாத் தாமசமா? ஏன், அந்த ஊருக்கு பஸ்ஸே விடலையோ?"

முதலில் சிரித்தவன் வரதன். பிறகு செயலாளர், பிறகு எல்லோரும். ஹரிக்குப் புரிந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்துவிட்டன. அக்கா மட்டும் சிரிக்காமல், கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அழுமூஞ்சியாகக் காட்டாதே என்றாள். ஆகவே, தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் எத்தனை அலுவலகங்களில் எத்தனை விண்ணப்பங்கள்! ரேஷன் அட்டைக்கு, வாக்காளர் பட்டியலுக்கு, வேதாவைப் பள்ளியில் சேர்க்க, எல்லாவற்றிலும் 'ஸ்திர தாமசம்' என்று ஒரு கட்டம். நிரந்தர முகவரி என்று பொருள். அதில் நாற்பத்தொரு வருஷமாகக் கரமனை என்று எழுதி எழுதி, அந்தச் சொல் என் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அவதியைப் பிடித்தேன், வெள்ளத்தைப் பிடித்தேன். இது மட்டும் அந்நியமாகவே தெரியவில்லை. நம் ஊரில் இதற்குச் சுணக்கம், காலதாமதம் என்று பொருள் என்பதை எந்தக் கணத்தில் மறந்தேன் என்பதுகூட நினைவில்லை. பிழை பொறுக்குவதே தொழிலாக இருந்தவன் கண்ணில் படாமல், வேண்டியவர்களைக் கூப்பிடும் வரியில் போய் அது உட்கார்ந்திருக்கிறது.

"கோமளம் சமைச்சிருக்காளா?" என்றாள் அக்கா.

"சமைச்சிருக்கா."

"வரமாட்டேன்னு சொன்னப்புறமுமா?"

"ம்."

"அவளுக்குத் தமிழ் தெரியறது," என்றாள் அக்கா.

ஹரி வேன் நிற்கும் இடத்தைச் செயலாளரிடம் விளக்கிவிட்டு என்னிடம் வந்து, "அப்போ நான் ஆபீசுக்குப் போகட்டே, அப்பா?" என்றார். நான் வாய் திறக்குமுன், அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"மாப்பிள்ளை எங்கே போறார், சாப்பிடாம? ஏன்டா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

வரவேண்டாம் என்று நான் மறைத்து வைத்தவரை, அவள் வந்த இரண்டு மணி நேரத்தில் மாப்பிள்ளை என்று அழைத்துவிட்டாள்.

7

வீட்டில் நடந்ததை விரிவாக எழுதினால் மலரில் இடமிராது. பதினொரு பேரும் இரண்டு பந்தியாகச் சாப்பிட்டார்கள். சாம்பாரும் எரிசேரியும் அடுத்தடுத்து விழுந்த இலையைப் பார்த்து, "எல்லாத்துலயும் தேங்காயெண்ணெய் வாசனை," என்றாள் அக்கா. கோமளம் முகம் வாடுமுன், "அந்த எரிசேரியை இன்னும் கொஞ்சம் போடு," என்றாள்.

கை கழுவி வந்தவள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். சுவரில் ஒரு வெற்று ஆணி. அதைச் சுற்றிச் சதுரமாக, மற்ற இடத்தைவிட வெளுத்த சுண்ணாம்பு.

"இங்கே என்ன மாட்டியிருந்தது?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அன்று காலை நான் கிளம்பியபின், கோமளம் வேதாவின் கல்யாணப் படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். அவள் தலைகுனிந்தாள். வேதா தன் தாயைப் பார்த்தாள். ஹரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எடுத்துண்டு வா," என்றாள் அக்கா.

வேதா கொண்டுவந்தாள். அக்கா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"நான் குடுத்த பொடவையா இது?"

"ஆமா அத்தை. முகூர்த்தத்துக்கு அதுதான் கட்டிண்டேன்."

"யாரும் சொல்லலையே எங்கிட்ட?"

யாரும் சொல்லவில்லைதான். அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வரதனும் வேதாவும்கூட அதை எங்கள் பொறுப்பென்று விட்டுவிட்டார்கள் போலும். அக்கா தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, வரதனிடம் நீட்டினாள். "மாட்டு. கோணாம மாட்டு."

பிறகு மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துச் சற்றே சாய்ந்தாள். கால் நீட்டிய மாத்திரத்தில் தூங்கிவிட்டாள்.

மூன்று மணி ஆயிற்று. செயலாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். வரதன், "எழுப்பட்டுமா மாமா?" என்றான். வேண்டாம் என்று கையமர்த்தினேன். மற்றவர்களை ஹரி மியூசியத்துக்கு அழைத்துப் போனார். மூத்த மரங்களையும் அந்தப் பழைய கட்டடத்தின் வண்ணச் சுவர்களையும் அவர் உங்களுக்கு எப்படி விளக்கினார் என்பதைப் போனவர்கள்தான் சொல்ல வேண்டும். சங்குமுகம் விடுபட்டுப் போயிற்று. அதற்காக இந்த மலரின் மூலம் கோஷ்டியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கடல் அங்கேயேதான் இருக்கும். நீங்கள் இன்னொருமுறை வாருங்கள்.

நான் பாயின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எனக்கு வாய்த்த மத்தியானங்களில் அதற்கு நிகராக ஒன்றையும் நினைவுகூர முடியவில்லை. தெருவில் மீன்காரர் சைக்கிள் மணி, ஆற்றுப்பக்கமிருந்து காற்று, அக்காவின் மெல்லிய குறட்டை.

ஐந்து மணிக்கு வேன் திரும்பிய சத்தத்தில் கண் விழித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், இருக்குமிடம் விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. எழுந்து முகம் கழுவினாள். கோமளம் அடுப்பை நோக்கி நகர்ந்தபோது, "நீ காலைலேந்து நிக்கறே, ஒக்காரு," என்று அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

"கோமளம், காபிப் பொடி எந்த டப்பால வெச்சிருக்கே?"

"மேல் தட்டுல அக்கா, இடது பக்கம்."

டப்பா திறக்கிற ஓசை கேட்டது. பிறகு, "பால் போறாது. மாப்பிள்ளையை இன்னும் அரை லிட்டர் வாங்கிண்டு வரச் சொல்லு," என்றாள். ஹரி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தார்.